மூன்று மூச்சுத் தூரம்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு, புவியியல். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ‘கடலரிப்புக்கான இயற்கைக் காரணங்களையும் மனிதக் காரணங்களையும் அட்டவணைப்படுத்துக.’ வருடா வருடம் வருகிற கேள்விதான். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அலை, நீரோட்டம், புயல், கடல்மட்ட உயர்வு. வலப்பக்கம் மணல் அள்ளுதல், அணை, துறைமுகம், தடுப்புச் சுவர். எல்லாத் தாள்களிலும் அப்படித்தான் இருந்தது, ஒன்றைத் தவிர.

அந்தப் பிள்ளையும் கோடு போட்டுத்தான் தொடங்கியிருந்தாள். நாலு வரி எழுதியதும் என்ன தோன்றியதோ, அம்புக்குறி போட ஆரம்பித்துவிட்டாள். அணையிலிருந்து ஆற்றுக்கு ஒன்று, ஆற்றிலிருந்து மணலுக்கு ஒன்று, மணலிலிருந்து அலைக்கு, அலையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து மறுபடியும் அலைக்கு. கடைசியில் நடுக்கோடே மறைந்துபோய்விட்டது. அடியில் ஒரு வரி: ‘எங்க ஊரில் ரெண்டையும் பிரிக்க முடியல டீச்சர்.’

விடைக்குறிப்புப்படி மூன்று மதிப்பெண் போட்டேன். அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் ஊரும் நான் பிறந்த ஊரும் பக்கத்துப் பக்கத்துத் துறைகள். குமரி மாவட்டத்தில், குளச்சலுக்கு மேற்கே, தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில். அவள் எழுதியது சரி என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தத் தாளை எடுத்து மூன்றை ஐந்தாக்கினேன். இந்தக் கட்டுரை அவள் போட்ட அம்புக்குறிகளைப் பற்றியது.

எங்கள் பாட்டா கட்டுமரக்காரர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுமரம் என்றால் படத்தில் பார்த்த ஒன்று. கடலிலிருந்து கரை ஏறியதும் அதை அப்படியே விட்டுவிட முடியாது. கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகப் பிரித்து, தோளில் சுமந்து மேலே கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். நீர் குடித்த தடி கல்லாகக் கனக்கும். பாட்டாவும் அவர் தம்பியும் ஒரு தடியைச் சுமந்துகொண்டு வந்தால், ஓலைப்புரைக்கு வந்து சேருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். முதல் மூச்சு, ஈர மணல் தாண்டியதும். இரண்டாவது, அடம்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்துக் கிடக்கும் மேட்டில். மூன்றாவது, ராவணன் மீசைப் புல்லைத் தாண்டி முதல் தென்னை நிற்கும் இடத்தில். அதற்கு மேலேதான் புரை, அதற்கும் மேலே வீடு.

எங்கள் கடப்புறத்தின் அகலத்தை நான் அளந்து தெரிந்துகொண்டது அப்படித்தான். மூன்று மூச்சு. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அது இரண்டு மூச்சாகிவிட்டது, தென்னை போய்விட்டது. என் தம்பி கல்யாணத்தின்போது ஒரு மூச்சு. சுனாமிக்குப் பிறகு கல் போட்டார்கள். அதோடு மூச்சு வாங்குவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. வீட்டு நடையில் நின்றால் எதிரே கல்குவியல், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

ஊரில் எல்லாரும் ‘கடல் ஏறி வருது’ என்றுதான் சொல்வார்கள். பாட்டா ஒருவர்தான் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். “கடலு எங்க மக்கா ஏறி வருது? மண்ணுல்லா எறங்கிப் போவுது” என்பார். கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தபோதுதான் அந்த ஒரு வாக்கியத்தின் கனம் எனக்குப் புரிந்தது. கடலரிப்பு என்பது முதலில் மணல் கணக்கு. வருகிற மணலை விடப் போகிற மணல் கூடினால் கரை தேயும். அலை, காற்று, அணை, கல், துறைமுகம் எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்று வரவில் கை வைக்கும், இல்லையென்றால் செலவில்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். குமரிமுனைக்குக் கிழக்கே கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மேற்கே. இந்த நீளத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். வரைபடத்தை விரித்து, இந்தக் கரையிலிருந்து நேர் தெற்கே விரலை ஓட்டிப் பாருங்கள். பொட்டு மாதிரி இரண்டொரு தீவைத் தவிர அண்டார்டிகா வரைக்கும் நிலம் தட்டாது. ராமேசுவரம் பக்கத்துக் கரைக்கு இலங்கை மறைப்பாக நிற்கிறது. எங்களுக்கு மறைப்பு ஏதும் கிடையாது. தெற்குப் பெருங்கடலில் எங்கோ வீசுகிற காற்றின் வேகம் முழுவதும் அலையாக வந்து இறங்குகிற முதல் படி எங்கள் நடைதான்.

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிறந்தால் கடல் மாறும். ஜூன், ஜூலையில் அடிக்கிற அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கரையில் ஏறின தண்ணீர் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த அலை கரை மணலை உருவி எடுத்துக்கொண்டுபோய்க் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கடியில் திட்டாகப் போட்டுவைக்கும். அந்தத் திட்டு கரைக்குக் காவல். பின்னால் வருகிற பெரிய அலை அதில் தட்டி உடைந்து பாதி பலத்தோடுதான் கரைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு நீளமான, சாவகாசமான அலை வரத் தொடங்கும். அது அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் சேர்க்கும். மாசி, பங்குனியில் பார்த்தால் கடப்புறம் நிறைந்து கிடக்கும். ஆடியில் கரை மெலிந்துபோவதைப் பார்த்து அந்தக் காலத்தில் யாரும் பதறியதில்லை. கொடுத்துவைத்த பணம் மாதிரி, வந்துவிடும் என்று தெரியும்.

இது போக, மணல் கரையோடும் நடக்கும். எங்கள் மேற்குக் கரை சற்றே சாய்ந்து, தென்மேற்குத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது. மழைக்காலத்து அலை மேற்கிலிருந்து சாய்வாக வந்து அடிப்பதால் மணலைப் பெரும்பாலும் கிழக்கே, குமரிமுனைப் பக்கம் தள்ளும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து வருகிற நீண்ட அலை அதை மேற்கே, நீரோடிப் பக்கம் தள்ளும். ஒரு வருடத்தில் ஒரு பிடி மணல் எத்தனை ஊரைப் பார்த்துவிட்டு வரும் என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் மாதிரிப் பாறை நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களில் மட்டும் அந்த நடை தடுமாறும். நம் முன்னோர் அந்தப் பாறைகளின் ஓரத்தில்தான் படகு ஏற்றினார்கள்.

நல்ல மழைக்காலம் முடிந்த கையோடு ஒருமுறை மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். அலை வெட்டிவிட்டுப் போன இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சின்னதாக ஒரு மண்சுவர் நிற்கும். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தால், மணல் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு, அதன்மேல் வெளிர் மஞ்சள், மறுபடி கறுப்பு, இடையில் செம்மாதுளை முத்தை அரைத்துத் தூவின மாதிரி மெல்லிசாக ஒரு சிவப்பு வரி. கறுப்பு இல்மனைட் என்ற தாது. சிவப்பு கார்னெட். ஒவ்வொரு கறுப்பு வரியும் ஒரு சீற்றத்தின் கையெழுத்து. அலை பலமாக அடிக்கும்போது எடை குறைந்த வெள்ளை மணலை எடுத்துக்கொண்டு போய்விடும், கனமான கறுமணலை விட்டுவிடும். அந்தக் கறுப்பை உள்ளங்கையில் வைத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு மிதிக்கவும் முடியாது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தொடங்கியது இந்த மணலுக்கு விலை. அணுசக்திக்கு உதவும் தோரியம் இருக்கிறது, நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கு பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆடி மாதத்து அலைக்கு லேசில் அசைந்துகொடுக்காமல் கரையில் தங்குவது அந்தக் கனமான மணல்தான். கரையோரத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, சலித்து மிஞ்சிய லேசான மணலைத் திருப்பிப் போட்டால் அளவு சரியாக இருக்கலாம். அடுத்த சீற்றத்துக்கு அது தாக்குப்பிடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, இந்த மணலெல்லாம் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து. பேச்சிப்பாறைக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, கோதையாறு, பரளியாறு என்று இறங்கி, குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்கு வருகிறது. வள்ளியாறு கடியப்பட்டணத்தில். பழையாறு மணக்குடிக் காயலில். மூன்று வாய் வழியாகத்தான் எங்கள் கடப்புறத்துக்குச் சோறு ஊட்டப்பட்டது. அணை கட்டினால் தண்ணீர் மட்டுமா நிற்கும்? மணலும் அங்கேயே நின்றுவிடும். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. பிறகு 1950களில் பெருஞ்சாணி, அதன்பின் சிற்றாறு அணைகள். நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் பச்சை கட்டின. என் அம்மா வீட்டுச் சோறும் அதுதான். அணையைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த நாளிலிருந்து கடப்புறத்துக்கு வரவேண்டிய படி குறைந்தது என்பதை ஒரு இடத்திலாவது எழுதிவைக்க வேண்டாமா? அணைக்குக் கீழே ஆற்றில் மிச்சமிருந்ததையும் வீடு கட்ட அள்ளியாயிற்று.

பொழிமுகம் என்று ஒன்று உண்டு. கோடையில் ஆற்று வாயைக் கடல் மணல் போட்டு அடைத்துவிடும். மழை வந்து ஆறு பெருகியதும் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய்ப் பொழி வெட்டிவிடுவார்கள். சின்னதாக ஒரு வாய்க்கால்தான் வெட்டுவது. அரைமணி நேரத்தில் ஆறு அதைத் தானே அகலமாக்கிக்கொண்டு, மேட்டை இடித்து, மணலோடு கடலுக்குள் பாயும். சிறுபிள்ளையில் பொழிக்கரையில் ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். செம்மண் நிறத்துத் தண்ணீர் நீலக் கடலுக்குள் விசிறி மாதிரி விரிந்து போயிற்று. ஆறு கடலுக்கு மணல் கொடுப்பதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான்.

மலையைப் பற்றி இன்னும் ஒன்று. நாங்கள் பள்ளிக்குப் போகும் சாலையில் கல் லாரிகள் ஓயாமல் போகும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குன்றுகளை உடைத்து வருகிற கருங்கல். அதில் ஒரு பங்கு கேரளத்துக்கு, ஒரு பங்கு வீடு கட்ட, ஒரு பங்கு கடலரிப்புத் தடுப்புச் சுவருக்கு. அந்த மலை தன் போக்கில் இருந்திருந்தால் மழையில் கரைந்து, ஆற்றில் உருண்டு, பொடியாகி, எங்கள் கரைக்கு மணலாக வந்திருக்கும். இப்போது அதே மலை வெடிவைத்து உடைக்கப்பட்டு, டன் கணக்கில், லாரியில் அதே கரைக்கு வருகிறது. ஆளுயரப் பாறையாக. என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கல்சுவரைப் பற்றிச் சொல்லும்போது நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதன் பின்னால் என் சொந்தக்காரர்கள் குடியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் பிணங்களைத் தேடின ஊர்க்காரர்களிடம் கல் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. மணக்குடிப் பாலத்தின் மேல்தளத்தையே தூக்கி எறிந்த தண்ணீர் அது. பிறகு 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஊர் கேட்டது கல்லைத்தான். என் பெரியம்மையிடம் ஒருமுறை கல் போட்டால் மணல் போய்விடும் என்று ஆரம்பித்தேன். “நீ பாடம் சொல்லிட்டுப் போவ மக்ளே. ராத்திரி கடலு வீட்டுக்குள்ள வந்தா நாங்க எங்க போய்க் கெடக்க?” என்று கேட்டுவிட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனால் கல் என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். நீர் வற்றின ஒரு காலைப்பொழுதில் சுவரின் கடல் பக்கம் இறங்கினேன். அடுக்கி வைத்த பாறைகளின் அடியில், கடைசிக் கல்லுக்குக் கீழே, ஒரு ஆள் கையை முழங்கை வரை நுழைக்கலாம். உள்ளே மணல் இல்லை, தண்ணீர் களக்களக் என்று போய்வருகிறது. மணல் சரிவில் ஏறுகிற அலை ஏற ஏறத் தன் பலத்தை மணலுக்குள் இறக்கிவிட்டு, பாதித் தண்ணீரை மண் குடிக்க, மெதுவாகத் திரும்பும். கல்லில் மோதுகிற அலைக்குப் பலம் இறங்க இடமில்லை. மோதி, குதித்து, திரும்பும் வேகத்தில் அடிமண்ணைத் தோண்டிக்கொண்டு போகிறது. அடி தோண்டத் தோண்டக் கல் சரிகிறது. அதற்குமேல் புதுக்கல். நான் பார்த்த இடத்தில் மூன்று நிறத்தில் கல் இருந்தது: அடியில் பாசி பிடித்துச் சிப்பி ஒட்டினது, நடுவில் உப்பு பூத்து வெளுத்தது, மேலே வெடிமருந்துத் துளையின் தடம்கூட மாறாத புதுசு. ஆழம் கூடியதால் முன்பு தள்ளி உடைந்த அலை இப்போது கல்லின் காலடியில் வந்து உடைகிறது. ஐப்பசிக்குப் பிறகு மணலைக் கொண்டுவரும் அந்தச் சாவகாசமான அலைக்கும் இறக்கிவைக்க ஒரு சரிவு கிடைப்பதில்லை.

கல் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் தொடங்குகிறது. அங்கே வருகிற வருடமே கரை வளைந்து உள்வாங்கும். அந்த ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள், அங்கேயும் கல் வரும். தூண்டில் வளைவுக்கும் இதே கதைதான். கடலுக்குள் விரல் மாதிரி நீளும் கல்வரிசை கரையோடு நடக்கும் மணலை ஒரு பக்கம் தேக்கிவைக்கும். அந்தப் பக்கத்து ஊருக்குக் கடப்புறம் வளரும், மறுபக்கத்து ஊர் பட்டினி. எங்கள் ஊருக்கு ஒரு வளைவு கேட்டு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தில் பக்கத்து ஊரைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஊர் ஊராகக் கேட்டு, ஊர் ஊராக வாங்கினோம். மணல் ஊர் எல்லை பார்த்து நடப்பதில்லை. பங்குக்குப் பங்கு கோயில் திருவிழாவில் போட்டி போட்ட மாதிரிக் கல்லுக்கும் போட்டி போட்டோம் என்று இப்போது தோன்றுகிறது, தோன்றும்போது நெஞ்சு வலிக்கிறது.

துறைமுகம் என்பது இதே விஷயத்தின் பெரிய அளவு. தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்று வாயிலேயே மீன்பிடித் துறைமுகம். அலைத்தடுப்புச் சுவர் நீளும் இடத்தில் மணல் குவிந்து, துறைமுக முகத்துவாரத்திலேயே அலை உடைகிறது. பிடித்த மீனோடு வீடு திரும்பும் படகுகள் அங்கே கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மணல் இல்லாமல் வீடு போகிறது, இன்னொரு பக்கம் மணல் மிகுந்து ஆள் போகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். 2016இல் இனயத்தில் பெரிய சரக்குத் துறைமுகம் வரப்போகிறது என்றபோது எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலைக்கு வந்தது இந்த அனுபவத்திலிருந்துதான்.

கள்ளக்கடலைச் சொல்லாமல் விட முடியாது. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். திடீரென்று கடல் பெருகி வீட்டுக்குள் வரும். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயல்காற்றில் பிறந்த அலை நாலைந்து நாள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் பதினைந்து நொடிக்கு மேல் இருக்கும், அவ்வளவு நீளம். கரைக்கடல் மக்கள் வைத்த இந்தப் பெயரையே 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. இப்போது ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது அப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான். அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் நான் அந்தக் கரையைக் கடந்ததில்லை.

இத்தனைக்கும் மேலே கடல்மட்டம். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2015 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். எங்கள் கரையில் ஓதத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அப்படிப்பட்ட கடலில் ஒரு சாண் என்பது பெரிய விஷயம். ஆக, பாட்டா சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மண்ணும் இறங்கிப் போகிறது, கடலும் ஏறித்தான் வருகிறது. அதை ஏற்றிவிடுகிற புகை எங்கள் கட்டுமரத்திலிருந்து கிளம்பியதல்ல. ‘இயற்கைக் காரணம்’ என்ற பத்தியில் கடல்மட்ட உயர்வை எழுதச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் கை கூசுகிறது.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், 1990க்கும் 2018க்கும் இடையில் இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானதாகச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் கிட்டத்தட்ட 43 சதவீதம். மற்ற இடங்களில் கரை போனால் ஊர் கொஞ்சம் பின்னால் நகரலாம். இங்கே எங்கே நகர? 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி. பல ஊர்களில் முன்னால் கடல், பின்னால் 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், நடுவில் ஒரு நாடாவின் அகலத்துக்கு நிலம். அந்த நாடாவில்தான் கோயில், கல்லறை, பள்ளி, வீடு எல்லாம்.

வீடு போனால் செய்தியில் வரும். கடப்புறம் போனால் வராது. கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்க ஐம்பது பேர் நின்று பின்னோக்கி நடக்க மணல் வேண்டும். மணல் போனதும் கரைமடி போயிற்று, அதோடு மடி இழுத்துப் பங்கு வாங்கின வயதானவர்களின் வருமானமும். நெத்தலி காயப்போட இடமில்லாமல் பெண்கள் தார்ச்சாலையில் பாய் விரிக்கிறார்கள். வள்ளம் ஏற்ற இடமில்லாமல் ஆண்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்துக் குளச்சலுக்கோ முட்டத்துக்கோ போய்த் தொழிலுக்கு இறங்குகிறார்கள். வலை பின்னிக்கொண்டே கடலைப் பார்த்து, நிறத்தைப் பார்த்தே எந்த ஒழுக்கு, என்ன மீன் என்று பேசிக்கொள்ளும் கூட்டம் இப்போது இல்லை. கல்லின்மேல் உட்கார்ந்து வலை பின்ன முடியாது.

என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். நான் பொறியாளர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். துறைமுக வாயில் தூர்வாருகிற மணலை எங்காவது கொட்டாமல், எந்தப் பக்கம் பட்டினி கிடக்கிறதோ அந்தப் பக்கத்துக் கரையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அது அந்தக் கரைக்குச் சேரவேண்டிய மணல். அடுத்தது, ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை ஒரே கரையாகப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். ஊருக்கு ஒரு டெண்டர் என்பது ஒழிய வேண்டும். புதுச்சேரியில் 1989இல் துறைமுகம் முடிந்தபின் நகரத்துக் கடற்கரையே காணாமல் போய் வெறும் கல்லாகக் கிடந்தது. 2018இல் நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு வைத்து, மணலும் போட்டார்கள். முப்பது வருடம் கழித்து அங்கே பிள்ளைகள் மணலில் கால் வைத்தார்கள். புதுச்சேரிக் கடல் வேறு, எங்கள் கடல் வேறு, அலையின் பலம் வேறு. ஆனாலும் போன மணல் திரும்பும் என்று ஒரு கரை காட்டியிருக்கிறது. இன்னும் கல் போடாத இடங்களில், அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் தாழையும் நிற்கிற மேடுகளை யாரும் சமன் செய்யாமல் விட்டாலே பாதிக் காரியம் ஆகும். சங்குதுறை பக்கம் போனால் அந்த மேடு எப்படி இருக்கும் என்று இன்னும் பார்க்கலாம்.

பெரியம்மையின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றைக்கு ராத்திரி கடல் வந்தால் கல்தான் காவல். அதை எடு என்று நான் சொல்லமாட்டேன். கல்லுக்கு முன்னால் மணலும் வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன், அதற்காக எத்தனை காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன். இந்த முறை பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்து.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, அந்தப் பிள்ளையின் ஊருக்குப் போனேன். சுவர் முடிந்து தூண்டில் வளைவு தொடங்கும் மூலையில் அந்த வருடம் கொஞ்சம் மணல் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். உண்மைதான். முக்கோணமாக ஒரு துண்டு மணல், புதுசாக, கால் வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகிறது. அவள் வீட்டிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்திருந்தாள். கல்லின் அடியிலிருந்து அலை ஏறின கோடு வரை பிடித்து அளந்தோம். அகலமான இடத்தில் பதினான்கு மீட்டர். பாட்டாவும் அவர் தம்பியும் தடி சுமந்து வந்தால் ஒரு மூச்சுக்குக் காணுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அதற்குள் பையன்கள் பந்தோடு வந்துவிட்டார்கள். பதினொரு பேர் ஆட இடம் போதாது. அணிக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்து கோல் இரண்டு செருப்பு. மறுபக்கத்து கோல் சுவரின் இரண்டு பாறைகளுக்கு நடுவில் உள்ள சந்து. அவளுடைய தம்பிதான் அதில் கோல்கீப்பர். “ஒரு டோர்ணமெண்ட் நடத்தணும் டீச்சர், பக்கத்து ஊர்க்காரன்மாரையும் கூப்பிட்டு” என்றான், மூச்சிரைக்க. எப்போது என்று கேட்டேன்.

“இடவப்பாதிக்கு முன்ன” என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தடுக்கக் கல்லுக்கு ஓடினான்.